உன் சாமான்கள் போன இடம்

சிவமயம்

புதுக்கோட்டை
ஆடி 29, வியாழன்

அன்பு மகள் இந்துமதிக்கு ஆத்தா எழுதுவது. அரைக்காசு அம்மன் புண்ணியத்தில் நானும் உன்னைப் பெற்ற அப்பச்சியும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சௌக்கியமாக இருக்கிறோம், டப்ளினில் நீயும் அப்படியே இருப்பாய் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே மழைதான் இல்லை. ஆடிக் காற்று தெருப் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு வந்து முன்ஹாலில் கொட்டிவிட்டுப் போகிறது, காலையில் கூட்டினால் மத்தியானம் மறுபடியும் கூட்ட வேண்டியிருக்கிறது. அப்பச்சிக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடக் கடைவீதியில் ஜிலேபி சாப்பிட்டுவிட்டு வந்தார், சட்டையில் ஒட்டியிருந்த பாகு காட்டிக்கொடுத்துவிட்டது. திருமயத்து அரவிந்த்குமார் மேல்படிப்புக்கு உங்கள் ஊருக்கு வருகிறான் என்று சொன்னேன் அல்லவா, அவன் பெட்டியில் எனக்கென்று ஒரு மூலை ஒதுக்கித் தந்திருக்கிறான், அதில் பருப்புப் பொடியும் சீப்புச்சீடையும் சுண்டைக்காய் வற்றலும் வைத்தது போக இருந்த இடுக்கில் இந்தக் கடிதம் வருகிறது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் அப்பச்சி பக்கத்தில் நின்றுகொண்டு அது அப்படி இல்லை, இப்படி என்று திருத்துகிறார். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீ அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்பதாக நீயே சொன்னாய். இந்த விஷயத்தை வேகமாக ஓடவிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தெருவில் பிராங்க்ளின் சார் இருக்கிறாரே, டெலிபோன் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், சும்மா இருக்கத் தெரியாத மனிதர், அவர் போன மாதம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சேதி போட்டார். எல்லார் வீட்டிலும் பரண் நிரம்பி வழிகிறது, ஆடி மாதத்தில் கல்யாண மண்டபம் பூட்டித்தான் கிடக்கிறது, மண்டபத்துக்காரர் உதயசூரியன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சும்மா தருகிறேன் என்கிறார், வேண்டாததைக் கொண்டு வாருங்கள், வேண்டியதை எடுத்துக்கொண்டு போங்கள், காசு என்ற பேச்சே கிடையாது என்று. நம் தெரு மட்டும் இல்லை, டவுனில் யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரே ஒரு நிபந்தனை, பொழுது சாய்வதற்குள் யாரும் எடுக்காத சாமானைக் கொண்டுவந்தவர்களே திருப்பி எடுத்துப் போய்விட வேண்டும், மண்டபத்தில் தள்ளிவிட்டுப் போகக் கூடாது. அப்பச்சிக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. மருந்துக்கடையைக் கைமாற்றிவிட்டதிலிருந்து அவருக்கு ஆட்களைப் பார்த்துப் பேச ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. கடையில் இருந்து கொண்டுவந்த பழைய மேசை விசிறி, மருந்து கம்பெனிக்காரர்கள் கொடுத்த சுவர்க்கடிகாரங்கள், அவருக்கு இடுப்பில் நிற்காத கால்சட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக் கூடத்தில் பரப்பினார். பரப்பிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, இது நல்லா ஓடுது கண்ணம்மை, இது எதுக்காச்சும் ஆகும், இதப் போயி குடுப்பாங்களா என்று எல்லாவற்றையும் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். விசிறி மட்டும் மிஞ்சியது. அதுவும் ஷாக் அடிக்கும் என்பதால்தான், அதைக் கொடுக்கக் கூடாது என்று நானே எடுத்து ஓரமாக வைத்தேன்.

முன்ஹால் கோடியில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததை அவர் பார்க்கவும் இல்லை, நான் பேசவும் இல்லை. உன் கல்யாணச் சாமான்கள் காரைக்குடியில் இருந்து லாரியில் திரும்பி வந்த அன்றைக்கு எங்கே இறக்கி வைத்தார்களோ அங்கேயேதான் இத்தனை நாளும் இருந்தன. நீ அப்போதே டப்ளினுக்குக் கிளம்பிவிட்டாய், அதனால் அது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று உனக்குத் தெரியாது. நாங்கள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்து பழகிவிட்டோம். வருகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்க அப்பச்சி பழைய பேப்பர்க் கட்டுகளை முன்னால் அடுக்கினார், அதற்கப்புறம் வருகிறவர்கள் எதற்கு இவ்வளவு பேப்பர் என்று கேட்டார்கள். போன பொங்கலுக்கு நீ போனில், ஆத்தா அதை யாருக்காச்சும் குடுத்துருங்க, வீட்டுக்குள்ள எனக்குச் சமாதி கட்டுன மாதிரி இருக்கு என்று சொன்னாய். நான் பேச்சை மாற்றி உன்னிடம் பனியைப் பற்றிக் கேட்டேன். கொடுக்கக் கூடாது என்று எனக்கு எண்ணம் இல்லை இந்து, வாங்க ஆள் இல்லை. சொந்தத்தில் ஒருத்தரிடம் ஜாடையாகக் கேட்டேன், அவர்கள் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம், எல்லாம் வாங்கியாச்சு ஆச்சி என்று இனிமையாகச் சொல்லிவிட்டு அடுத்த நாளே பாத்திரக்கடையில் நின்றார்கள், அதை அப்பச்சி பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். பழைய சாமான்காரனிடம் எடைக்குப் போட அவருக்கும் மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஒரு தடவை கூட அடுப்பில் ஏறாத பாத்திரங்கள் அல்லவா.

சனிக்கிழமை மத்தியானம் அவர் தூங்கும்போது நான் போய்ப் பேப்பர்க் கட்டுகளை நகர்த்தித் தார்ப்பாயை இழுத்தேன். ஒரு பல்லி ஓடியதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. நானும் என்னைப் பெற்ற உங்கள் ஆயாவும் நீ பள்ளிக்கூடம் போகும் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்ததை நான் மறந்தே போயிருந்தேன், எவர்சில்வர் குடம், தூக்குவாளி, பித்தளை அண்டா, சம்புடங்கள் அளவு அளவாக, பெட்டி பிரிக்காத மிக்ஸி, கிரைண்டர், மெத்தை, பாய், ஆளுயரக் கண்ணாடி. எல்லாப் பாத்திரத்திலும் விளிம்புக்குக் கீழே உன் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருந்தது. அப்பச்சி எழுந்து வந்து பார்த்தார். நான் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு தூக்குவாளியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, பேரை மட்டும் மெருகு போட்டு அழிச்சுட்டுக் கொண்டு போவமா என்று மெதுவாகக் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். எதை ஒளிக்கிறோம், பெயர் என்ன தப்பு பண்ணியது என்று கேட்டேன். அவர் போய் லோடு ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

மண்டபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குக் கூட அவ்வளவு கூட்டம் வந்திருக்காது. சாப்பாட்டு மேசைகளை எல்லாம் முன்ஹாலில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மேசை. மணமேடையில் சைக்கிள்களும் தொட்டில்களும். ஒரு வீட்டில் வளர்ந்த மகன்களின் பள்ளிக்கூட ஷூக்களை ஜோடி ஜோடியாக வைத்திருந்தார்கள், கால்மணி நேரத்தில் காலி. ஒருத்தர் பாம்பே மிட்டாய்க்காரர் வைத்திருப்பது போல ஒரு பெரிய மணி கொண்டுவந்தார், அது எதற்கு என்று கேட்டவர்கள் எல்லாம் ஒரு தடவை ஆட்டிப் பார்த்ததில் மத்தியானம் வரைக்கும் காது அடைத்துவிட்டது. அப்பச்சி வந்த சுருக்கில் நம் மேசையை என்னிடம் விட்டுவிட்டுச் சுற்றிப் பார்க்கப் போனார், எதையும் கொண்டு வரக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினேன். நம் மேசைதான் பார்க்க லட்சணமாக இருந்தது என்று நான் சொல்லக் கூடாது, ஆனால் ஜன்னல் வெயில் பட்டுப் பாத்திரமெல்லாம் மின்னியதில் பெண்கள் அங்கிட்டு இருந்து இங்கிட்டு வந்து மொய்த்துவிட்டார்கள். ஒருத்தி குடத்தை இடுப்பில் வைத்துப் பார்த்தாள், ஒருத்தி சம்புடங்களை மூடி மூடித் திறந்தாள். எனக்கு மனசு லேசாகிக்கொண்டு வந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் போய்விடும், வீட்டுக்குப் போய் மோர் குடித்துவிட்டுப் படுக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போது நம் உறவில் ஒருத்தி வந்தாள். பெயர் எழுத மாட்டேன், உனக்கே தெரிந்துவிடும். அவள் ஒரு பாத்திரத்தைத் திருப்பி, வெட்டியிருந்த பெயரைப் படித்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது போல எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இது இந்து சாமானுல்ல, அந்த வீட்டுலருந்து திரும்பி வந்தது, வாழாத சாமான், பாத்து எடுங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோனாள். சண்டை போடுகிற குரல் கூட இல்லை, வெயில் அடிக்குது குடை எடுத்துக்கங்க என்று சொல்வாளே அந்தக் குரல். இடுப்பில் குடம் வைத்திருந்தவள் அதை இறக்கி வைத்தாள். சம்புடக்காரி மூடியைச் சரியாகப் போட்டு வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். கொஞ்ச நேரத்தில் நம் மேசை முன்னால் ஒருத்தரும் இல்லை, எதிர்மேசையில் கிழிந்த சூட்கேஸுக்கு இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது, பொழுது சாய்ந்தால் இதையெல்லாம் திருப்பி ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தத் தார்ப்பாயை மறுபடியும் போட்டு மூட வேண்டும். லாரியில் ஒரு தடவை திரும்பி வந்ததை லோடு ஆட்டோவில் இரண்டாம் தடவை கொண்டு போவதா. அழுகை வரவில்லை. அப்படியே கிரைண்டர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். காவ்யா என்று பெயர், கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை ஆலங்குடி பக்கம் மினிபஸ் ஓட்டுகிறாராம். வந்தவள் பித்தளை அண்டாவைத் தொட்டுப் பார்த்தாள். அவள் அம்மாவுக்கு அதற்குள் விஷயம் போய்ச் சேர்ந்திருக்கிறது, வாடி, இது வேணாம் என்று கையைப் பிடித்து இழுத்தார். காவ்யா நகரவில்லை. என்னைப் பார்த்து, ஆச்சி, இந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க என்று கேட்டாள். இத்தனை நாளில் உன்னைப் பற்றி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள் இந்து, என்ன ஆச்சு, ஏன் இப்படி ஆச்சு, அடுத்து என்ன செய்யப் போறீங்க என்றுதான் கேட்பார்கள், எங்கே இருக்கிறாள் என்று ஒருத்தர் கேட்டதில்லை. நான் உட்கார்ந்தபடியே, டப்ளின்ல இருக்கா, பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்குற வேலை என்றேன். நல்லா இருக்காங்களா என்று கேட்டாள். நல்லா இருக்கா என்று அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் வாய் நிற்கவில்லை. அவளே தனியா வீடு எடுத்திருக்கா, ஜன்னலைத் திறந்தா கடல் தெரியும், இங்க இருக்குறப்ப வெந்நீர் இல்லாம குளிக்க மாட்டா, இப்ப பனிக்காலத்துல அந்தக் கடல்ல இறங்கி நீந்துறா, எனக்குப் படம் அனுப்புறா, நான் திட்டுறேன், அவ சிரிக்கிறா, போன தடவை அவ எடுத்த ஸ்கேன்ல ஒரு கட்டியை முன்னக்கூட்டியே கண்டுபிடிச்சு ஒரு பொம்பளையைக் காப்பாத்திட்டாங்களாம், அந்தப் பொம்பளை கேக் செஞ்சு கொண்டாந்து குடுத்துருக்கு என்று சொல்லிக்கொண்டே போனேன். எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. குரலும் கூடிவிட்டது போல, பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று, என் மக விவாகரத்து வாங்கிட்டா, வாங்கிட்டு நல்லா இருக்கா என்று அந்த மண்டபத்துக்கே சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை நான் வெளியில் சொன்னது அதுதான் முதல் தடவை. வாயில் வைத்திருந்தபோது இருந்த கனம் சொன்னபிறகு அதற்கு இல்லை.

காவ்யா கொஞ்சமும் யோசிக்கவில்லை. அவள் அம்மா பக்கம் திரும்பி, கேட்டீங்களாம்மா, அந்த அக்கா நல்லாத்தானே இருக்காங்க, அப்ப இந்தச் சாமானுக்கு என்ன கொறச்ச, அவுக மாதிரி நான் இருந்துட்டாப் போதாதா என்றாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் அண்டாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அண்டாவை ஒரு கையால் தூக்கிக் கனம் பார்த்துவிட்டு, கெட்டிப் பித்தளையாத்தான் இருக்கு என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. இவ்வளவும் நடக்கும்போது உன் அப்பச்சி எங்கிருந்தோ வந்து எனக்குப் பின்னால் நின்றிருக்கிறார். நான் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேசைக்கு உள்பக்கம் வந்து நின்று, மருந்துக்கடையில் நிற்பது போலவே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அண்டாவுக்கு ஈயம் பூசாம புளிக்குழம்பு வைக்காதீங்க, மிக்ஸியை மொத நாள் ரொம்ப ஓட்டாதீங்க என்று ஒவ்வொருத்தருக்கும் மருந்துக்கு வேளை சொல்வது போலச் சொல்லிக் கொடுத்தார். காவ்யா எடுக்க ஆரம்பித்ததும் போனவர்கள் திரும்பி வந்தார்கள். குடத்தை இறக்கி வைத்தவள் அதே குடத்தைத் தேடி எடுத்தாள். கிரைண்டர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் வைத்திருக்கும் ஒரு தம்பதிக்குப் போனது. மெத்தையைத் திருவரங்குளத்தில் இருந்து வந்த ஒருத்தர், கட்டிலில் விழுந்த மாமனாருக்கு என்று வாங்கிப்போனார். தூக்குவாளிகள் இப்போது எந்தெந்தத் தெருவில் பால் வாங்குகின்றன என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் கூட்டம் குறைந்த நேரத்தில், பெயரைப் படித்துவிட்டுப் போனாளே நம் உறவுக்காரி, அவள் வந்து மூலையில் இருந்த பால் குக்கரை எடுத்துப் பார்த்து, இது யாருக்கும் வேணாமா என்று கேட்டாள். அப்பச்சி அதை ஒரு பையில் போட்டு அவள் கையில் கொடுத்து, விசில் ஊதுனா உடனே எறக்கிருங்க என்றார்.

கடைசியில் அந்த ஆளுயரக் கண்ணாடி ஒன்றுதான் நின்றது, தூக்கிக்கொண்டு போகப் பயந்தே யாரும் எடுக்கவில்லை. அதை ஏற்ற லோடு ஆட்டோவுக்குப் போனால் அதில் ஏற்கெனவே ஒரு ட்ரெட்மில் உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் நடக்கச் சொல்லிருக்காருல்ல என்கிறார் அப்பச்சி. தெரு இருக்கிறதே என்றேன், தெருவில் நாய் இருக்கிறதாம். இப்போது ட்ரெட்மில்லும் கண்ணாடியும் முன்ஹாலில் எதிரும் புதிருமாக இருக்கின்றன, காலையில் அவர் கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டே நடக்கிறார், மற்ற நேரத்தில் ட்ரெட்மில்லில் என் ஈரப் புடவை காய்கிறது. தார்ப்பாயைப் பிராங்க்ளின் சார் வாங்கிக்கொண்டார், கோட்டைப்பட்டினத்தில் வலை உலர்த்தும் அவர் சிநேகிதருக்கு வேண்டுமாம். அது இருந்த இடத்தில் மட்டும் தரையின் கறுப்புச் சிமெண்ட் புதுசு போல நிறம் மங்காமல் இருக்கிறது. கழுவிவிட்டு அங்கே உட்கார்ந்துதான் இப்போது நாங்கள் காபி குடிக்கிறோம், காற்று நன்றாக வருகிறது.

நேற்று காவ்யாவும் அவள் அம்மாவும் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார்கள். திருவரங்குளம் கோயிலில் தாலி கட்டு, சாப்பாடு பக்கத்து மண்டபத்தில். பொண்ணு சார்புல நீங்க முன்னாடி நிக்கணும் ஆச்சி என்று அந்த அம்மாவே சொன்னார். உன் விஷயத்துக்கு அப்புறம் நான் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை, உனக்குச் சொன்னதில்லை, மொய்க் கவரை அப்பச்சியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு எனக்குத் தலைவலி என்று படுத்துக்கொள்வேன். இந்தக் கல்யாணத்துக்குப் போகிறேன். மயில்கழுத்துப் பச்சைப் பட்டைப் பீரோவில் இருந்து எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன், ரவிக்கை இறுக்குகிறது, பிரிக்கக் கொடுத்திருக்கிறேன். உன் படம் ஒன்று அனுப்பு, கறுப்புக் கண்ணாடி போடாமல், கடலுக்குப் பக்கத்தில் நிற்பது, ஆனால் ஸ்வெட்டரோடு. காவ்யா கேட்டிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயில் இல்லாத ஊரில் எலும்புக்கு என்று மாத்திரை சொன்னார்களே, அதை விடாமல் சாப்பிடு. கடலில் தனியாக இறங்காதே, துணைக்கு யாராவது கரையில் நிற்கட்டும், நீ சிரிப்பாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அரவிந்த்குமார் ஊரைத் தாண்டி எங்கேயும் போகாத பிள்ளை, ஏர்போர்ட்டுக்குப் போய் அழைத்துக்கொண்டு வா, முதல் நாள் ஒரு வாய் சோறு உன் கையால் போடு. சீப்புச்சீடையை ஒரே நாளில் தீர்த்துவிடாதே. அப்பச்சி ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், தானே எழுதுகிறேன் என்றவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார், அதனால் இரண்டு பேர் ஆசீர்வாதத்தையும் நானே எழுதுகிறேன். எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்தபடி நீ நன்றாக இரு. கல்யாண வீட்டில் என்னை யாராவது, மக எப்படி இருக்கா என்று கேட்டால் பதில் தயாராக வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமான பதில், கேட்கிறவர்களுக்கு முதல் பந்தி தவறிப்போகும், என்ன செய்வது, கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்.

உன் ஆத்தா,
அ. கண்ணம்மை